ஏழு கோடுகள்

விடைத்தாள் திருத்தும் முகாமின் மூன்றாம் நாள், பதினொரு மணி டீ மேசையில் ஆறிக்கொண்டிருந்தபோது, பெனடிக்டா மேடம்தான் அதை முதலில் கண்டுபிடித்தார்.

"ஏம்மா தமயந்தி, இங்கன பாரு. இது என்ன கூத்து?"

தமயந்தி எழுந்து போகவில்லை. கையை மட்டும் நீட்டி விடைத்தாளை வாங்கினாள். முதலாம் ஆண்டு இயற்பியல். கடைசிப் பக்கத்தின் இடது மூலையில், அடிக்கோட்டுக்கும் கீழே, நெல்மணி அளவில் ஏழு கோடுகள். ஆறு நேராக நின்றன. ஏழாவது மட்டும் வலப்பக்கம் சாய்ந்து, காகிதத்தில் கொஞ்சம் அழுந்தியிருந்தது.

"ஒண்ணுல இருந்தா விட்டுரலாம்," என்றார் பெனடிக்டா. "காலையில திருத்துன முப்பதுலயும் இருக்கு. உன் கட்டுல இருக்கான்னு பாரு."

தமயந்தி தன் கட்டைப் புரட்டினாள். இருந்தது. அடுத்ததில் இருந்தது. அதற்கடுத்ததிலும். மூன்று நாளாக அதைப் பார்த்துக்கொண்டேதான் மதிப்பெண் போட்டிருக்கிறாள். தன் மூக்கு தன் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தாலும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அப்படித்தான் இதுவும்.

"இருக்கு மேடம்," என்றாள்.

"அடையாளம் போட்டிருக்கானுவ. இந்தக் கோடு கண்டா மார்க்கு போடுன்னு எவனோ எவனுக்கோ சொல்லி வச்சிருக்கான். எனக்கு யாரும் சொல்லலியே. உனக்குச் சொன்னாங்களா?"

"இல்ல மேடம்."

"அதான பாத்தேன். உன்கிட்ட எவன் வந்து பேசுவான். டீயக்கூட செவத்தப் பாத்து உக்காந்துதான் குடிக்கே."

பெனடிக்டா சிரித்துக்கொண்டே எழுந்து முகாம் அதிகாரியிடம் போனார். தமயந்தி ஆறிய டீயை எடுத்துக் குடித்தாள். சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள். அதுவும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

எந்திரம் எழுதிக் கொடுத்ததை எந்திரமே திருத்துவதற்குப் பெயர் தேர்வா என்று யாரோ வழக்குப் போட்டு, தீர்ப்பு வந்து, எல்லாம் பழையபடி காகிதத்துக்கும் சிவப்பு மைக்கும் திரும்பி ஒன்பது வருடம் ஆகிவிட்டது. திருத்துவதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. நான்கு மாவட்டங்களில் இயற்பியல் படித்தவர்கள் யார் மிச்சமிருந்தாலும் தொப்பூர்க் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள். தமயந்திக்கு முப்பத்தொரு வயது. ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டவள். சேலத்தில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பதவியின் பெயரில்தான் கௌரவம். அவள் வந்து மூன்று நாளாகிறது. மூன்று நாளில் அவள் பேசியதை எல்லாம் ஒரு விடைத்தாளின் முதல் பக்கத்தில் எழுதிவிடலாம்.

அந்தக் கோடுகள் அவளுடையவை.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், ராசிபுரம் பக்கம் ஓர் உறைவிடப் பள்ளியில், தினமும் காலை ஆறு மணித் தேர்வுக்கு உட்காரும்போது அவள் செய்த முதல் வேலை அதுதான். கடைசிப் பக்கத்தைத் திருப்புவாள். மூலையில் கோடு போடுவாள். போட்டால்தான் பேனா ஓடும். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பார்வையாளர் நாள். காலையிலிருந்து கம்பத்து ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுவார்கள். "இன்னார், உன்னைப் பார்க்க ஆள் வந்திருக்கு, கேட்டுக்கு வா." பெயர் வந்தவர்கள் தூக்குப்போணியை நோக்கி ஓடுவார்கள். தமயந்தியின் பெயர் வராது. அம்மாவும் அப்பாவும் பிரிந்திருந்தார்கள். அப்பா நாக்பூர் லைன் லாரியில். அம்மா திருப்பூரில் தையல் கம்பெனியில். அவர் போயிருப்பார் என்று அம்மா நினைத்தாள். அவள் போயிருப்பாள் என்று அப்பா நினைத்தார். பெயர் வராத ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு கோடு. பன்னிரண்டாம் வகுப்பில் ஜூன் முதல் டிசம்பர் வரை ஏழு. ஜனவரியில், தேர்வு நெருங்குகிறது என்று பார்வையாளர் நாளையே நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு அவளுக்கு ஏற்பட்டது நிம்மதிதான்.

இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் முழு மதிப்பெண். அந்தக் கோடையில் ஒரு நிறுவனம் வந்தது. முழு மதிப்பெண் வாங்கிய நாற்பது பேரின் மூளையில் பாடம் எப்படித் தங்கியிருக்கிறது என்று பதிவு செய்யப் போவதாகச் சொன்னார்கள். தலையில் ஒரு தொப்பி. இருபது நாள். கேள்விமேல் கேள்வி. நாற்பதையும் கலந்து ஒன்றாக்குவோம், உன்னுடையது என்று அதில் தனியாக எதுவும் இருக்காது என்றார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆள் இருந்தால்தானே.

மதியத்துக்குள் திருத்துவது நின்றது. கட்டுகளை எல்லாம் பிரித்துப் பார்த்ததில் நானூற்றுப் பன்னிரண்டு தாள்களில் கோடு இருந்தது. அத்தனையும் ஒரே வகை மாணவர்கள். தகுதியைத் தளர்த்தி எடுத்த தளர்வுச் சேர்க்கை.

"இதுக்குத்தான் சொல்லுதேன், வாசலத் தொறந்து வச்சா கண்டதும் வரும்னு," என்றார் பெனடிக்டா. இருவரும் அரங்கத்துக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தார்கள். பெனடிக்டா டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வடையைத் தமயந்தியின் கையில் திணித்தார். தூத்துக்குடிக்காரர். வாய் ஓயாது. கையும் ஓயாது. "ஒரு காலத்துல இங்க பாதிப் பேரு வெளிநாட்டுப் புள்ளைங்க. கென்யா, நேபாளம், எங்கெங்கயோ இருந்து வந்துச்சுங்க. இப்ப அவங்க ஊர்லயே காலேஜ் வந்தாச்சு. நம்ம ஊர்லயோ பிள்ளையே பொறக்கல. கெவர்மென்ட் என்ன சொல்லுது? உள்ளூர்ப் புள்ளைங்க நானூறு பேரு மொதல் வருசத்துல இல்லன்னா அங்கீகாரம் கெடையாதுங்குது. அதுக்குப் பொறவு என்ன? அம்பது சதவீதம் வேணும்னவன் நாப்பதுன்னான். நாப்பது பாஸ் ஆச்சு. இந்த வருசம் பன்னெண்டாவதே வேண்டாம், பத்தாவதே வேண்டாம், பதினெட்டு வயசானாப் போதும்னுட்டான். அடுத்த வருசம் மூச்சு விட்டாப் போதும்னு போர்டு வைப்பான் பாரு."

"படிக்காம வந்தவங்க எப்படி மேடம் இயற்பியல் எழுதறாங்க?"

தெரிந்தேதான் கேட்டாள். வேறு யாராவது சொல்லிக் கேட்க வேண்டும் போலிருந்தது.

"பிரிட்ஜு. காதுக்குப் பின்னால பொட்டு மாதிரி ஒரு வில்லை ஒட்டுதாங்கள்ளா, அது. முன்ன பிரிட்ஜ் கோர்ஸ்னா ரெண்டு வாரம் கிளாஸ் எடுப்போம். இப்ப மூணு வாரம் படுக்க வச்சு ஏத்திருதான். யாரோ நாப்பது புத்திசாலிப் புள்ளைங்க படிச்சதாம். ரோலுல பேரு இருக்க வரைக்கும் வேலை செய்யும். பேரு போச்சுன்னா வில்லையக் கழட்டிருவான், வந்தது எல்லாம் வந்த வழியே போயிரும்."

"இப்ப என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க. நாளைக்குக் கமிட்டி. விடைத்தாள்ல அடையாளம் போட்டா மூணு வருசம் பரீட்சை எழுதக் கூடாது, பேரு நீக்கம். சட்டம் அப்படித்தான இருக்கு." பெனடிக்டா வடையைக் கடித்து மென்றார். "பாவந்தான். ஆனா நானூறு பேரும் சேந்து ஒரே தப்பப் பண்ணிருக்கானுவன்னா, அவ்ளோ ஒத்துமையா இருக்கானுவ பாத்தியா."

தமயந்தி எழுந்தாள்.

"எங்க போறே?"

"மெஸ்ஸுக்கு."

"அதான் வடை தந்தேன்லா?"

மாணவர் உணவுக்கூடம் பெரியது. ஆயிரம் பேர் உட்காரலாம். உள்ளே நுழைந்த தமயந்தி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கூடத்தின் நடுப்பகுதி காலியாக இருந்தது, விளையாட்டு மைதானம் மாதிரி. மேசைகள் எல்லாம் நான்கு சுவர்களோடும் ஒட்டிக் கிடந்தன. இடம் போதாமல் தூண்களைச் சுற்றியும் மேசைகள். நானூறு பேர் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி காலி. பேச்சுச் சத்தமே இல்லை. தட்டில் கரண்டி படும் சத்தம் மட்டும், மழை தூறுகிற மாதிரி.

"ஆச்சரியமா இருக்குதா?" சாம்பார் வாளியோடு போன சமையல்காரர் நின்றார். "நாங்க மேசைய நடுவுலதான் போட்டோம் மேடம். பிரிட்ஜு முடிஞ்சு வந்த பத்தாம் நாளே அவங்களே தள்ளிட்டுப் போயி செவுத்துல ஒட்டிக்கிட்டாங்க. மறுபடி இழுத்துப் போட்டா மறுபடி தள்றாங்க. சண்டை கெடையாது, சச்சரவு கெடையாது, சாப்பாடு சரியில்லன்னு ஒரு பேச்சு கெடையாது. இருவது வருசமா மெஸ் நடத்துறேன், இந்த மாதிரி நல்ல பசங்களப் பாத்ததில்ல. சண்டை போட்ட பழைய பசங்களே தேவலன்னு இருக்குது."

தமயந்தி ஒரு தட்டு வாங்கிக்கொண்டு ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பையன். பையன் என்று சொல்ல முடியாது. இருபத்து நான்கு, இருபத்தைந்து இருக்கும். கையில் பழைய தீக்காயத் தழும்புகள். நாற்காலியை ஓர் அங்குலம் தள்ளிப் போட்டுக்கொண்டான். அவள் பதினேழு வயதில் தள்ளிக்கொண்ட அதே ஓர் அங்குலம்.

"உங்க பேரென்ன?"

"ரிஷ்வந்த், மேடம்." சுவரைப் பார்த்துத்தான் சொன்னான்.

"எந்த ஊரு?"

"ஓசூரு. சார்ஜிங் யார்டுல இருந்தேன். லாரி பேட்டரி மாத்தற எடம். ஒம்பதாவதோட நின்னுட்டேன்." சோற்றைப் பிசைந்தான். "கோடு விசயமா வந்திருக்கீங்களா?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருச்சா?"

"இப்பத்தான் நோட்டீஸ் போட்டாங்க. நான் எழுதிக் குடுத்தர்றேன் மேடம். நான் மட்டுந்தான் போட்டேன். யார்கிட்டயும் சொல்லல, யாரும் எனக்குச் சொல்லல. மத்த பசங்கள ஏன் புடிச்சிருக்காங்கன்னு தெரியல."

தமயந்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை.

"நீங்க மட்டும்தான்னு நெனச்சீங்களா?"

"ஆமா. வேற யாருக்கு இந்தக் கிறுக்கு இருக்கும்? போடலன்னா கை ஓடாது மேடம். ஏழு போட்டாத்தான் நிக்கும். ஆறோட நிறுத்திப் பாத்தேன், வேர்த்துருச்சு."

"ஏழாவதுல என்ன?"

அவன் யோசித்தான். "கோவம். என்னன்னு தெரியல. எங்க வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. வாரா வாரம் போன் பண்றாங்க. எங்கக்கா போன மாசம் பிரியாணி கட்டிக்கிட்டு வந்துச்சு. எதிர்ல உக்காந்து சாப்புடறேன், ஆனா யாருமே வரலன்னு இருக்குது உள்ளுக்குள்ள. அக்கா அழுதுட்டே போச்சு." தட்டை நகர்த்தினான். "ஞாயித்துக்கெழம வந்தா காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஏதோ ஒரு பேரக் கூப்புடப் போறாங்க, நான் எழுந்து ஓடணும். எந்தப் பேருன்னு தெரியாது. இதெல்லாம் உங்ககிட்ட ஏன் சொல்றேன்னும் தெரியல."

பாடத்தைத் தனியாக உருவி எடுக்க முடியும் என்று அந்த நிறுவனம் நம்பியது. முடியாது. ஒருவர் எங்கே உட்கார்ந்து படித்தாரோ அந்த அறையும் சேர்ந்துதான் படிப்பு. ஒளிவிலகல் எண்ணை எடுத்தால் அதோடு ராசிபுரத்து டியூப்லைட்டும், சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பும், கம்பத்து ஒலிபெருக்கியும் வேரோடு வரும்.

"அந்த வில்லையக் கழட்டிட்டா இதெல்லாம் போயிடும்," என்றாள் தமயந்தி. "கோடு, ஞாயித்துக்கெழம, எல்லாம். கழட்டிக்கறீங்களா?"

ரிஷ்வந்த் முதல் முறையாகச் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினான்.

"கழட்டிட்டா? மறுபடி யார்டுக்கா?" கையைக் காட்டினான், தழும்புகளை. "மேடம், போன வாரம் ஒரு கணக்குப் போட்டேன். கெப்பாசிட்டர்ல ஆற்றல் எவ்ளோன்னு. அஞ்சு வருசம் அதைக் கையில தொட்டு ஷாக் வாங்கியிருக்கேன், அது ஏன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அதைத் திருப்பிக் குடுன்னா எப்படி? தனியா இருந்துட்டுப் போறேன். எனக்கென்ன, பழகிருச்சு."

பழகிவிட்டது என்று அவன் சொன்ன விதமும் அவளுடையதுதான்.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் திருநாவுக்கரசுக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. மேசையில் நானூற்றுப் பன்னிரண்டு தாள்களும் அடுக்கியிருக்க, அவற்றுக்குப் பின்னால் தலை மட்டும் தெரிந்தது.

"என்னம்மா? திருத்தறவங்கள எல்லாம் நாளைக்கு அனுப்பிருவோம், படிக்காசு வந்துரும்."

"அந்தக் கோடு என்னோடது சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார். அவள் சாத்தினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், பள்ளி, ஞாயிறு, தொப்பி, கையெழுத்துப் போட்ட தாள். பதினான்கு வருடத்தில் அவள் ஒரே மூச்சில் பேசியதில் அதுதான் நீளமானது. நான்கு நிமிடம்.

அவர் ஒரு வெற்றுத்தாளை அவள் பக்கம் தள்ளினார். "போட்டுக் காட்டுங்க."

அவள் போட்டாள். ஆறு நேராக. ஏழாவது தானாகச் சாய்ந்தது, தானாக அழுந்தியது. அவர் மேலிருந்த விடைத்தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"காப்பியடிக்கல, அடையாளமும் வைக்கல," என்றாள். "அவங்க மேல தப்பில்ல சார். நாப்பது பேர் கலவைன்னாங்க. அப்படி இருந்தா என்னோடது மட்டும் எப்படி இப்படி வரும்?"

"நாப்பது ஏது. ஒண்ணுதான்."

"சார்?"

"நாப்பது பேரும் பதினெட்டு முடியாத பசங்க. பெத்தவங்க கையெழுத்து வேணும். முப்பத்தொம்பது பேரோட அப்பா அம்மா வந்து, எம்புள்ள மண்டையில எதையும் மாட்டக் கூடாதுன்னு சத்தம் போட்டுக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். ஒரே ஒரு பொண்ணுக்கு மட்டும் யாரும் வரல. விடுதி வார்டனே கார்டியன்னு போட்டுக் குடுத்துட்டார்." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஒப்பந்தம் போடறப்பவே இணைப்புல இருந்துச்சு. பேரு இல்ல, எண் மட்டும். நான் படிச்சேன். கையெழுத்தும் போட்டேன். எனக்கு நானூறு தலை வேணும்மா. இல்லன்னா இந்த இடத்த இழுத்துப் பூட்டணும். எழுநூறு பேரு வேலை பாக்கறாங்க."

ஜன்னலுக்கு வெளியே கணவாயில் ஏறும் லாரி ஒன்று கியர் மாற்றியது. தமயந்தி அந்தச் சத்தம் அடங்கும் வரை காத்திருந்தாள்.

"நாளைக்குக் கமிட்டியில நான் சொல்றேன்."

"சொல்லலாம். சொன்னா கோடு போட்ட குத்தம் போயிடும். பிரிட்ஜு பழுதுன்னு ஆயிடும். பழுதான பொருள மாணவன் தலையில வச்சிருக்க முடியுமா? நானூத்திப் பன்னெண்டையும் கழட்டணும். பிரிட்ஜு ஏத்திக்கறதா இருந்தாத்தான் இந்தச் சேர்க்கையே, கழட்டினா இவங்களுக்கு இங்க என்ன தகுதி இருக்கு? எல்லாரும் வீட்டுக்கு." அவர் இரண்டு கைகளையும் விரித்தார். "சொல்லலன்னா மூணு வருசத் தடை. எல்லாரும் வீட்டுக்கு. நீங்களே சொல்லுங்க, எதுன்னு."

அவள் மேசையில் அடுக்கியிருந்த தாள்களைப் பார்த்தாள். தழும்புகள் நிறைந்த ஒரு கை நினைவுக்கு வந்தது.

"அவங்க இங்க இருக்கணும் சார். அதுக்கு என்ன வழியோ அதப் பாருங்க. ஆனா ஒண்ணு. அது அவங்களோட தனிமை இல்ல, வேற ஒருத்தியோடதுன்னு அவங்ககிட்ட யாராவது சொல்லணும். ஒவ்வொருத்தரும் தான் மட்டுந்தான்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

"சொன்னா அன்னிக்கே ஒருத்தன் கோர்ட்டுக்குப் போவான். அடுத்த நாள் கழட்டணும். ரெண்டுல ஒண்ணு."

அவள் சரி என்று தலையாட்டினாள்.

திருநாவுக்கரசு அவள் போட்ட ஏழு கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. நாற்பது வருடம் கோப்பு பார்த்தவர். எதைக் கண்டாலும் அதை எந்த விதியில் அடக்கலாம் என்றுதான் அவருக்குத் தோன்றும். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க சொன்னது இந்த ரூமோட இருக்கட்டும். இனிமே முகாமுக்கு வர வேணாம்."

மறுநாள் கமிட்டி கூடியது. அரை மணி நேரத்தில் கலைந்தது. விதியைத் தளர்த்திவிட்டார்கள். விடைத்தாளில் மாணவர் வைக்கும் குறி, எல்லா மாணவரும் வைக்கும் ஒரே குறியாக இருக்குமானால், அதைக் கொண்டு எந்த ஒருவரையும் அடையாளம் காண முடியாது. எனவே அது அடையாளம் ஆகாது. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் தப்பினார்கள். மேலும், வருங்காலத்தில் குழப்பம் வராமலிருக்க, அடுத்த பருவத்திலிருந்து விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் இடது மூலையில் ஏழு கோடுகள் அச்சிட்டே வரும்.

பெனடிக்டாதான் தொலைபேசியில் சொன்னார். "கேட்டியா கதைய. மார்ஜின் மாதிரி அதையும் அச்சடிக்கப் போறானாம். எவன் மண்டையில உதிச்சுதோ. அதுலயும் ஏழாவது கோடு சாய்ஞ்சுதான் இருக்கணுமாம், மாதிரிக்கு ஒரு தாள் குடுத்திருக்கானாம். சரி, ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாயேன், மீன் கொழம்பு வைக்கேன்."

"இந்த ஞாயிறு ஒரு வேலை இருக்கு மேடம்."

"உனக்கா? ஞாயித்துக்கெழமையா? சொல்லு, அப்படி என்ன வேலை வெட்டி?"

அன்றைக்கு மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. தமயந்தி காலையில் எலுமிச்சம்பழச் சாதம் கிளறினாள். எவ்வளவு என்று தெரியாமல் ஒரு தூக்குப்போணி நிறைய வந்துவிட்டது. நானூறு பேருக்குப் போதாது. ஒருவருக்கு அதிகம். சேலத்திலிருந்து தர்மபுரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் ஒரு கிழவர் வந்து உட்கார்ந்தபோது ஓர் அங்குலம் தள்ளிக்கொண்டாள். எதற்குப் போகிறோம் என்று யோசித்தாள். சொல்லக் கூடாது என்று தலையாட்டியாகிவிட்டது. சொல்லாமல் அங்கே என்ன செய்வது? ரிஷ்வந்தைப் பார்த்துச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வரலாம். அவன் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவான். அவளும் சாப்பிடுவாள். அவ்வளவுதான்.

பல்கலைக்கழக வாசலில் பஸ் நின்றது. இறங்கியவள் அசையவில்லை.

கம்பிக் கதவுக்கு உள்ளே, தார்ச்சாலையின் இருபுறமும், புல்தரையில், கொடிக்கம்பத்தடியில், சைக்கிள் நிறுத்தத்தில் என்று எங்கு பார்த்தாலும் மாணவர்கள். நானூறு பேரும் இருந்திருக்க வேண்டும். கூட்டம் என்று சொல்ல முடியாது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடைவெளி. எல்லோரும் வாசலைப் பார்த்து நின்றார்கள். சிலர் ஏதோ வேலையாக வந்த மாதிரி கையில் புத்தகம் வைத்திருந்தார்கள். ஒருவரும் படிக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய அவளைப் பார்த்தார்கள். அவள் கைத் தூக்குப்போணியைப் பார்த்தார்கள். பிறகு அவளைத் தாண்டி, அடுத்த பஸ் வருகிறதா என்று பார்த்தார்கள்.

ரிஷ்வந்தைத் தவிர யாருக்கும் அவளைத் தெரியாது. அவளுக்குள் இருந்து பார்த்ததுதான் அவர்களிடம் இருந்தது. அவள் முகம் அதில் இல்லை.

"காலையில இருந்து இப்படித்தான் நிக்கறாங்க," என்றார் காவலாளி. "போன மாசமும் இதே மாதிரி ஒரு ஞாயித்துக்கெழம. என்னப்பான்னா, சும்மாங்கறான். ஒருத்தனக் கேட்டா அடுத்தவனுக்குத் தெரியாது. நீங்க யாரப் பாக்கணும்? இதுல எழுதுங்க."

பதிவேட்டில் மூன்று கட்டங்கள். வந்தவர் பெயர். நேரம். பார்க்க வேண்டிய மாணவர் பெயர்.

தமயந்தி தூக்குப்போணியைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். ரிஷ்வந்த் என்று எழுத நினைத்தாள். முதல் கட்டத்தையும் இரண்டாம் கட்டத்தையும் நிரப்பினாள். மூன்றாவதில் பேனா நின்றது. உள்ளே நின்றவர்களில் அவனைத் தேடிப் பார்த்தாள். கொடிக்கம்பத்தடியில் இருந்தான். தலையைச் சற்றுச் சாய்த்து, காதைத் தீட்டிக்கொண்டு.

எழுதிக் கொடுத்தாள்.

காவலாளி படித்தார். முதல் கட்டத்தையும் மூன்றாவது கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டுலயும் ஒரே பேர எழுதியிருக்கீங்க?"

"அந்தப் பேர்தான்."

"அந்தப் பேருல இங்க புள்ள யாரும் இருக்கற மாதிரி தெரியலையே மேடம்."

"ஒரு தடவ கூப்பிட்டுப் பாருங்களேன்."

காவலாளி தோளைக் குலுக்கிவிட்டு மைக்கைத் தட்டினார். கம்பத்தின் உச்சியில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"தமயந்தி," என்றார். "தமயந்தி, உன்னைப் பார்க்க ஆள் வந்திருக்கு. கேட்டுக்கு வா."

நானூறு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். பிறகு ஓட ஆரம்பித்தார்கள்.